கேரம் பலகையில் சறுக்கிய சித்தி

முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று காலை நடையில் வாதாடிக்கொண்டிருக்கிற நம் கூட்டத்துக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி.

போன மாதம் என் மகளும் மருமகனும் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய்வந்தார்கள். மகள் கணுக்காலில் கட்டோடு திரும்பினாள். என்னடி இது என்று கேட்டால், வாயால் சொல்லாமல் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அலை வந்து திரும்பியதும் மணல்மேல் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் நிற்குமே, அதன்மேல் ஒரு மெல்லிய பலகையை வீசி, பின்னாலேயே ஓடி, அதில் ஏறி நின்று வழுக்கிக்கொண்டு போகிறார்கள். அதற்கு ஸ்கிம்போர்டிங் என்று பெயராம். சொல்லிக்கொடுக்க ஒரு ஆள், அவருக்குக் கட்டணம் வேறு. பலகையைத் தட்டையாக வீசு, குதிக்காதே, முழங்காலை மடக்கு, காலைக் குனிந்து பார்க்காதே என்று அவர் கத்திக்கொண்டே இருக்கிறார். என் மகள் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, ஓடிப்போய்க் குதித்து, காலைக் குனிந்து பார்த்து, மல்லாக்க விழுகிறாள்.

"மெழுகு எந்தப் பக்கம் தேய்ச்சே?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மேல் பக்கந்தானுங்கம்மா. மெழுகு தேய்க்கோணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி ஒரு பொழுது முழுக்கப் போகவேண்டிய திருப்பூரில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே கல்யாணமும் ஆனவள் நான். அவள் கேட்டதில் தப்பில்லை. அவளுக்குப் பாதிதான் சொன்னேன். முழுக்கச் சொன்னால் ரசிப்பதற்கு நம் வயது வேண்டும்.

அப்பாவுக்கு வீரபாண்டிப் பக்கம் ஒரு சலவைப் பட்டறை இருந்தது. இப்போது மிஷினுக்குள் போகிற துணி வெள்ளையாகி வெளியே வந்துவிடுகிறது. அப்போது பழுப்பாக வரும் பனியன் துணியைச் சிமெண்ட் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அப்புறம் அலசி, நீலம் போட்டு, பிழிந்து, காட்டில் கயிறு கட்டிக் காயப்போட வேண்டும். காடு என்றதும் சென்னைக்கார மருமகன், புலி இருந்ததா அத்தை என்று கேட்டார். எங்கள் பக்கம் காடு என்றால் வயல்வெளி, சோளத்தட்டும் மாடு மேய்கிற கொறங்காடும்தான் இருந்தது, புலி என்றால் அது உங்கள் மாமியாரின் அப்பாதான் என்றேன். அப்பாவின் குரல் அப்படி. பட்டறையில் கத்தினால் மெயின் ரோட்டில் பஸ் நிற்கும்.

தொட்டிகளுக்கு நடுவே துணி அலசுகிற தளம். பெரிய தளம். வருஷக்கணக்காக ஈரத் துணியை இழுத்து இழுத்து, சிமெண்ட் தரை வழுவழுவென்று ஆகியிருந்தது. பொழுது சாயும் முன் கடைசித் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டு, ஆட்கள் எல்லோரும் துணியைச் சுமந்துகொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். அப்பாவும் பின்னாலேயே கத்திக்கொண்டு போவார். நீலம் கலந்த தண்ணீர் மெதுவாகத் தளம் முழுக்கப் பரவும், தோசைக்கல்லில் மாவு பரவுகிற மாதிரி. சாக்கடை வாய் சின்னது என்பதால் வடிய நேரமாகும். வெயில் குடித்த சிமெண்டின் மேல் அந்தத் தண்ணீர் பட்டதும் ஒரு வாசம் கிளம்பும். பிளீச்சிங் பவுடர் நெடியும் சூட்டு வாசமும் சேர்ந்தது. மூக்கு எரியும், கண் கரிக்கும். எனக்கு இப்போதும் அந்த வாசம் எங்காவது அடித்தால் மனசு துள்ளுகிறது. உடம்புக்கு நல்லதில்லை என்று தெரியும், இருந்தாலும் துள்ளுகிறது.

அந்தத் தண்ணீர் நிற்கிற நேரம்தான் எங்களுடையது. எங்களுடையது என்றால் எனக்கும் அண்ணனுக்கும்.

பலகை அண்ணனின் கைவேலை. பட்டறை ஆட்கள் மத்தியானத்தில் ஆடுகிற கேரம் போர்டின் சட்டம் உடைந்து, அப்பா அதைத் தூக்கி எறிந்திருந்தார். அண்ணன் நடுப்பலகையை மட்டும் கழற்றினான். குழி இருக்கும் நான்கு மூலைகளையும் வட்டமாக அறுத்துத் தள்ளினான். வட்டம் என்று அவன்தான் சொன்னான். பார்க்கிறவர்களுக்கு எலி கடித்த மாதிரி இருந்தது. முதலில் அது சப்பட்டையாக இருந்ததால், வீசியதும் முன்விளிம்பு தண்ணீரைக் குத்தும், பலகை நிற்கும், ஆள் மட்டும் போய்க்கொண்டே இருப்பான். முன்விளிம்பு சற்றே மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் அண்ணனுக்கு ஒரு முன்பல் செலவாகிவிட்டது. பிறகு விளிம்பைத் தொட்டியில் ஊறவைத்து, கீழே ஒரு செங்கல், மேலே ஒரு கல் என்று வைத்து வளைத்தான். கேரத்தின் சிவப்பு வட்டமும் கறுப்புக் கோடுகளும் அடிப்பக்கத்தில் அப்படியே இருந்தன.

பலகை தயாரான அந்தக் கோடையில்தான் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் தங்கை. குண்டடம் பக்கம் அவர்களுக்குத் தோட்டம். தையல் கற்றுக்கொள்ள டவுனுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஊரில் சொன்னார்கள். உண்மையில் மாப்பிள்ளை பார்க்க அனுப்பியிருந்தார்கள். கிணறு வற்றிய தோட்டத்தைத் தேடி எந்த மாப்பிள்ளையும் வரவில்லை. ஒரு இடம் நிறம் போதாது என்றது, ஒரு இடம் உயரம் அதிகம் என்றது, ஒரு இடம் பலகாரத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பதிலே சொல்லவில்லை. சித்தி இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் பெண் பார்க்க வந்தவர்களுக்காகக் கட்டிய சேலையை மடித்துப் பெட்டியில் வைக்க அவளுக்கு ரொம்ப நேரமாகும்.

"புள்ளைங்க தண்ணீல வெளையாடாமப் பாத்துக்க அம்மிணி" என்று அம்மா அவளைப் பட்டறைக்கு அனுப்பினாள். அம்மா தன் வாழ்நாளில் போட்டுக்கொடுத்த உத்தியோகங்களிலேயே மிகத் தவறானது அதுதான்.

முதல் நாள் சித்தி கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பலகையை வீசினான், ஓடினான், குதித்தான், விழுந்தான். நான் வீசினேன், ஓடினேன், குதித்தேன், விழுந்தேன். சித்தி ஊசியைக் கையில் பிடித்தபடி சிரித்தாள். இரண்டாம் நாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மூன்றாம் நாள் தாவணியை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"நீங்க ரெண்டு பேரும் அது மேல குதிக்கறீங்க கண்ணு. குதிச்சா அது கோவிச்சுட்டு ஓடாதா?" என்றாள். "ஓடற மாட்டு வண்டியில எப்படி ஏறுவோம்? நின்னுட்டுத் தாவுனா உழுக வேண்டியதுதான். வண்டி கூடவே ஓடி, அதோட வேகம் நம்ம காலுக்கு வந்தப்பொறவு, சும்மா படியேறற மாதிரி ஏறோணும்."

மாட்டு வண்டியில் ஏறத் தெரிந்தவளுக்கும் பலகை அவ்வளவு சுலபத்தில் வசப்படவில்லை. தட்டையாக வீச வேண்டும், தண்ணீரோடு ஒட்டி. உயர்த்தி எறிந்தால் தத்திக்கொண்டு போய்விடும். முதல் காலைப் பலகையின் நடுவில் வைக்க வேண்டும், அடுத்த கால் பின்னால். உடம்பு குனிந்து, முழங்கால் மடங்கி, கண் எதிர்ச்சுவரில் இருக்க வேண்டும். பார்வை எங்கே போகிறதோ அங்கேதான் பலகையும் போகும். இதெல்லாம் ஒரே நாளில் தெரிந்ததாக நினைக்காதீர்கள். எங்கள் மூன்று பேர் முட்டியிலும் எழுதிவைத்த பாடம் அது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஏறி நின்றதும் பாதம் வழுக்கிக்கொண்டே இருந்தது. இங்கேதான் மெழுகு வருகிறது.

பெரியப்பாவுக்குக் கோன் வைண்டிங் இருந்தது. நூலைக் கோனில் சுற்றும் மிஷினில் வட்டமாக ஒரு மெழுகு வில்லை இருக்கும். நூல் அதில் உரசிக்கொண்டே ஓடும். மெழுகு பட்ட நூல்தான் பின்னல் ஊசியில் சிக்காமல் வழுக்கிப் போகும். மெழுகு என்றால் வழுக்கும் என்பது நூல் சுற்றுகிற வீட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால் நாங்கள் தேய்ந்த வில்லைகளைப் பொறுக்கி வந்து, பலகையின் அடிப்பக்கத்தில் பளபளவென்று தேய்த்துத் தள்ளினோம். பலகை பறந்தது. நாங்களும் பறந்தோம், தனித்தனியாக.

ஒரு நாள் அண்ணன் ஒரு வில்லையைப் பலகையின் மேல்பக்கத்தில் வைத்து, அதை அப்படியே வெயிலில் மறந்துவிட்டான். சித்திரை வெயில். சாயங்காலம் போய்ப் பார்த்தால் வில்லை இளகிப் பலகை முழுக்க இழுகியிருந்தது. அண்ணன் அழுதேவிட்டான். கீழே வழுக்குவது போதாதென்று மேலேயும் வழுக்கப் போகிறதே! அவன் கத்தியைக் கொண்டு சுரண்டப் போனபோது சித்தி, "சித்தே பொறு சாமி, ஒருக்கா பாத்துப்போட்டுச் சுரண்டிக்கலாம்" என்று பலகையை வாங்கி வீசினாள்.

ஓடினாள், ஏறினாள், நின்றாள். அவள் ஈரப் பாதம் அந்த மெழுகில் ஒட்டிப் பிடித்துக்கொண்டது. தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிச் சுவர் வரைக்கும் நின்றபடியே போனாள். பலகைக்கு இரண்டு பக்கமும் நீலத் தண்ணீர் விசிறிபோல் எழும்பியது. சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்து, "பிடிக்குது கண்ணு, மெழுகு பிடிக்குது!" என்று கூவினாள். நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் சந்தோஷப்பட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த முகம் மாதிரி பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவளைத் தளத்திலிருந்து கிளப்புவதுதான் எங்கள் வேலையாயிற்று. வீட்டில் அவள் முட்டியிலும் முழங்கையிலும் கன்றிப்போயிருந்ததைப் பார்த்து அப்பா, "தையல் மிஷின மிதிச்சு மிதிச்சுப் புள்ளைக்கு ரத்தங் கட்டிக்குது. அந்த மிஷினுக்கு எண்ணெ போடச் சொல்லு" என்றார். தையல் மிஷினை முழங்கையால் யார் மிதிப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. அம்மா ராவும் பகலும் விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். அந்தத் தையல் மிஷினுக்கும் எண்ணெய் போட்டார்கள்.

பெருமாநல்லூரிலிருந்து ஒரு இடம் வந்தது. சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர்கள், ஒரே பையன், நல்ல குணம் என்று தரகர் சொன்னார். தரகர் எல்லோருக்கும் நல்ல குணம் என்றுதான் சொல்வார். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை சித்தி விழுந்தாள். அவள் மேல் தப்பில்லை. நன்றாக வழுக்கிப் போய்க்கொண்டிருந்தவள், வாசல் பக்கம் அப்பாவின் குரல் கேட்டுத் தலையைத் திருப்பினாள். கண் போன பக்கம் பலகை போயிற்று. தொட்டி விளிம்பில் மோதி, கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். விடிவதற்குள் வலது கால் கொழுக்கட்டைபோல் வீங்கியிருந்தது. படியில் வழுக்கிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாள். ஒறம்பரையாக மாப்பிள்ளை வீட்டார் வருகிற அவசரத்தில் அம்மா மேலே கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சித்தி காப்பித் தட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடக்கப் பார்த்தாள். முடியவில்லை. தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. மாப்பிள்ளையின் அம்மா, நல்ல வாட்டசாட்டமான ஆள், சித்தியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சேலைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனபிறகு சித்தி என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். "பாத்தியா கண்ணு? காப்பியக் குடிச்சுப்போட்டு அவரே டம்ளரக் கொண்டுபோய்ப் பாத்திரந் தேய்க்கற எடத்துல வெச்சாரு. எந்த ஊட்டு மாப்பிள்ளை அப்படி வெப்பான்?" அவள் அதுவரைக்கும் எந்த மாப்பிள்ளையைப் பற்றியும் இப்படிச் சொன்னதில்லை. "எனக்கு அவரப் புடிச்சிருக்குது. நீ ஆருகிட்டயும் சொல்லீராதே." சொல்லிவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். வலித்தது, ஆனாலும் ரகசியத்தின் கனம் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அவங்களுக்கு மனசு ஒப்பலீங்க. பொண்ணு கால் தாங்கி நடக்குதுன்றாங்க. ஊனத்த மறைச்சுக் காட்டறீங்கன்னு அந்தம்மா நெனைக்கறாங்க. வேற எடம் பாக்கச் சொல்லிப்போட்டாங்க."

கால் ஊனமாகவே இருந்தால்தான் என்ன, அதனால் ஒரு பெண்ணுக்கு என்ன குறைந்துவிடும் என்று இன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அப்பா கத்தாமல் இருந்தார், அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

சித்தி அப்போதுதான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். "அக்கா, படியில உழுகலீங்க்கா. பட்டறைத் தளத்துல பலகை மேல சறுக்கி வெளையாடுனேன். அதுல உழுந்துட்டேன். அவங்ககிட்ட அதயே சொல்லிரலாமுங்க்கா. கால் ஆறு நாள்ல சரியாப் போயிருமுன்னு."

அம்மா அவளை வெறித்துப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு நிக்கற புள்ள, சின்னப் புள்ளைங்களோட தண்ணீல சறுக்கி வெளையாடுனான்னு போய்ச் சொல்றதா? அதுக்கு நொண்டின்னே நெனைச்சுட்டுப் போகட்டும்."

இதை நினைத்து நானும் அண்ணனும் வளர்ந்தபிறகு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம். அம்மாவின் கணக்கில் விளையாட்டுப் பெண்ணைவிட நொண்டிப் பெண்ணுக்கு மரியாதை அதிகம். ஆனால் அன்று சிரிப்பு வரவில்லை. படியில் வழுக்கி விழுந்ததாகவே தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். எல்லாப் பெண் வீட்டிலும் சொல்வது அதுதானே என்று அவர்கள் பதில் அனுப்பினார்கள். அடுத்த முகூர்த்தத்துக்குள் வேறு பெண்ணை முடித்துவிடுவார்கள் என்று தரகர் சொன்னார். சித்தி அந்தச் சேலையை மடிக்கவே இல்லை. கொடியில் போட்டபடியே கிடந்தது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம். ஆட்கள் துணியோடு காட்டுக்குப் போய்விட்டார்கள், அப்பாவும் போய்விட்டார். கடைசித் தொட்டித் தண்ணீர் தளத்தில் நின்றது. அம்மா பலகையை எரித்துவிடச் சொல்லியிருந்தாள். அண்ணன் சரி என்று சொல்லிவிட்டுப் பவுடர் டிரம்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். நாங்கள் மூன்று பேரும் வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்து, தண்ணீர் வீணாக வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தியின் கணுக்காலில் இன்னும் துணிக்கட்டு இருந்தது.

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கி, "நீ போய் டீயக் குடிச்சுப்போட்டு வா" என்று மகனை அனுப்பிவிட்டு, தனியாக உள்ளே வந்தார். சித்தி சட்டென்று எழுந்து நின்றாள்.

"ஊடு பூட்டியிருக்குது, உங்கம்மா எங்க கண்ணு?" என்று என்னிடம் கேட்டார்.

"கடைக்குப் போயிருக்குதுங்க."

"நல்லதாப் போச்சு. நாஞ் சொல்லாமத்தான் வந்தேன். சொல்லிப்போட்டு வந்தா பொண்ண உக்கார வெச்சே காட்டுவீங்க." சித்தி பக்கம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. "எம்மவன் உன்னையேதான் கட்டுவேங்கறான் அம்மிணி. ஒரே புடியா நிக்கறான். எனக்குத்தான் மனசு ஒப்பல. எங்க சொந்தத்துல ஒருக்கா மறைச்சுக் காட்டிக் கட்டிவெச்சு, அந்தப் புள்ளையும் சொகப்படல, பையனும் சொகப்படல. அந்தக் கோடி வரைக்கும் நடந்துபோட்டு வா, பாத்துக்கறேன்."

மகன் பிடியாக நிற்கிறான் என்றதும் சித்தியின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. நான் அவளையே பார்த்தேன். படி என்று சொல்லப் போகிறாள், அம்மா சொல்லிக்கொடுத்ததைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நடந்தா நொண்டுவனுங்க" என்றாள் சித்தி. "படியில உழுந்தேன்னு சொன்னது பொய்யுங்க. இதா, இந்தத் தளத்துல பலகையப் போட்டு, அது மேல நின்னு சறுக்குவனுங்க. அதுல உழுந்துட்டேன்."

"தண்ணி மேல பலகையப் போட்டு நிக்கறதா?" அந்த அம்மா கையை இடுப்பில் வைத்தார். "படியே தேவலாம் போல இருக்குது. நானென்ன பச்சக் கொழந்தையா?"

அண்ணன் அதற்குள் டிரம்களுக்குப் பின்னால் ஓடிவிட்டான்.

சித்தி கணுக்கால் கட்டை இறுக்கிக் கட்டினாள். பலகையை வாங்கினாள். "வேண்டாஞ் சித்தி" என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஓட்டம் ஓட்டமாகவே இல்லை, தாங்கித் தாங்கி, ஒவ்வொரு அடிக்கும் உதடு கோணியது. குனிந்து பலகையைத் தண்ணீரோடு ஒட்டி வீசினாள். நல்ல காலை நடுவில் வைத்தாள், வலிக்கிற காலைப் பின்னால் வைத்தாள். பிறகு அவள் உடம்பில் எந்தக் கோணலும் இல்லை. முழங்கால் மடங்கி, கை இரண்டும் லேசாக விரிந்து, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி ஒரே சீராகப் போனாள். பலகைக்கு அடியில் தண்ணீர் சரசரவென்று கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. சுவர் வரைக்கும் போய், கையை ஊன்றி இறங்கி, அங்கேயே ஒற்றைக் காலில் நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா தளத்தைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பலகையைக் கையில் எடுத்தார். திருப்பிச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"மெழுகா? மெழுகு போட்டா வழுக்குமல்லோ?"

"பிடிக்குமுங்க!" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். பனியன் கம்பெனி வீட்டு அம்மாவுக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். எங்களை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தார். அதன்பிறகு அவர் செய்ததை நான் சத்தியம் செய்து சொன்னாலும் என் மகள் நம்பமாட்டாள். சேலையைத் தூக்கிச் செருகினார்.

"நானும் ஓடற வண்டியில ஏறுனவதான்" என்றார்.

"காலைக் குனிஞ்சு பாக்காதீங்க!" என்று அண்ணன் கத்தினான். அந்த அம்மா வீசியது பரவாயில்லை, ஓடியதும் பரவாயில்லை. ஏறி, ஒரு கணம் நின்றும்விட்டார். என்ன ஆனந்தமோ, "ஆத்தாடி!" என்று ஒரு சத்தம் போட்டார். அப்புறம் குனிந்து காலைப் பார்த்தார்.

அவர் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. நீலத் தண்ணீர் எங்கள் முகத்தில் வந்து அடித்தது. பலகை மட்டும் தனியாகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. கல்யாணம் மட்டுமில்லை, எங்கள் குடும்பமே முடிந்தது என்று நினைத்தேன். அண்ணன் வாசலைப் பார்த்தான், ஓடுவதற்கு வழி தேடுகிற மாதிரி.

சித்தி நொண்டிக்கொண்டே ஓடிப்போய்த் தண்ணீரில் மண்டிபோட்டாள். அந்த அம்மாவின் காலை எடுத்து மடியில் வைத்து நீவினாள். "வலிக்குதுங்களா? எங்கீங்க? இங்கீங்களா?" என்று கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த அம்மா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. சித்தியின் கணுக்கால் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நனைந்து அவிழ்ந்து, வீக்கம் தெரிந்தது. கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் வத்தவே இல்லியே புள்ள. இதோடயா ஓடுனே?"

"நீங்க நம்போணுமல்லோங்க."

"நம்பாட்டிப் போறேன். அதுக்காகக் காலை முறிச்சுக்குவாங்களா?"

சித்தி கண்ணைத் துடைத்தாள். அந்தக் காலத்தில், எங்கள் பக்கத்தில், எந்தப் பெண்ணும் வாயால் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "எனக்கு உங்க மவனப் புடிச்சிருக்குதுங்க. அதுக்குத்தானுங்க."

தண்ணீர் சாக்கடை வாயில் களகளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வயிறு குலுங்கியது, அப்புறம் சத்தம் வந்தது. நனைந்த சேலையோடு, கொண்டை அவிழ்ந்து, தளத்தின் நடுவில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தார். சித்தியும் அழுகையோடேயே சிரித்தாள். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சித்தி அவரைத் தூக்கிவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒருவருக்கு இடது கால், ஒருவருக்கு வலது கால். மாப்பிள்ளை வண்டியை நிறுத்தியபடியே வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"ஏனுங்கம்மா, என்னாச்சுங்க? எதுக்கு ரெண்டு பேரும் நொண்டறீங்க?"

அந்த அம்மா சித்தியின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நம்மூட்டுப் பொம்பளைங்க நடை இப்படித்தாண்டா" என்றார். "நீ வண்டியக் கெளப்பு. உங்கப்பன நாள் பாக்கச் சொல்லோணும்."